வண்டியை ஓட்டியது யார்

கம்பத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. என் கணவரோடு ஏலக்காய் வியாபாரம் செய்கிற ஒருவரின் மகளுக்குக் கல்யாணம் என்பதால் போகாமல் இருக்க முடியாது. போடியிலிருந்து தேவாரம், கோம்பை வழியாக உத்தமபாளையம் வந்து கம்பம் சாலையைப் பிடித்தோம். வண்டியை ஓட்டியது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதன்பிறகு பல மாதங்களுக்கு இந்த ஒரு விஷயத்தை யாரையும் நம்பவைக்க என்னால் முடியவில்லை.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சாலைக்கு இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல். எதிரே வாழைத்தார் ஏற்றிய டிராக்டர் ஒன்று ஊர்ந்து வந்தது. அதன் பின்னாலிருந்து, மலைத் தோட்டங்களில் வேலை முடித்த ஆட்களை அடைத்துக்கொண்டு வந்த ஜீப் சட்டென்று வெளியேறி நேராக என் முன்னால் வந்தது. நான் இடது பக்கம் ஒடித்தேன். சக்கரம் மண்ணில் இறங்கியது. பிரேக்கை மிதித்தும் வண்டி நிற்கவில்லை. வேலிக்கம்பியை அறுத்துக்கொண்டு உள்ளே போய், பந்தலைத் தாங்கியிருந்த கல்தூணில் மோதியது. தூண் சாய்ந்தது. அதோடு பந்தலின் ஒரு மூலை, கொடியும் கம்பியும் காயுமாக, வண்டியின் மேல் இறங்கியது. ஜீப் நிற்காமல் போய்விட்டது.

எங்கள் இருவருக்கும் அடி இல்லை. கதவைத் திறந்து இறங்கியபோது பட்டுப்புடவையில் திராட்சை இலைகள் ஒட்டியிருந்தன. அதற்குள் ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள். தோட்டத்துக்காரரும் வந்தார். அறுபதைத் தாண்டியவர். சாய்ந்து கிடந்த பந்தலைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்: "பொம்பளை கையில வண்டியக் குடுத்தா இப்படித்தேன்."

இன்னொருவர் கேட்டார்: "யாருப்பா ஓட்டுனது? அந்தம்மாவா?"

என் கணவர் அந்தப் பக்கத்திலிருந்து பானெட்டைத் தடவிக்கொண்டே சுற்றி வந்து எனக்கு முன்னால் நின்றார். "ஓட்டுனது நான். அவுகள ஒண்ணும் பேசாதீக. எதுன்னாலும் என்கிட்டப் பேசுங்க" என்றார்.

குரல் கணீரென்று இருந்தது. கூட்டம் உடனே அடங்கியது. தோட்டத்துக்காரர் அவரிடம் திரும்பி, "காய் வெட்டுற நேரத்துல இப்படிப் பண்ணிட்டீகளேண்ணே" என்றார். "பந்தல நிமித்திக் குடுக்காம போகமாட்டேன்" என்று இவர் வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். அந்த வாரமே புதுத் தூணும் கம்பியும் வாங்கி இறக்கிக்கொடுத்தார்.

நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். "இல்லை, நான்தான் ஓட்டினேன்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொல்வதென்றால், அந்த நிமிடம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அத்தனை பேர் பார்வையும் என்னை விட்டுவிட்டு அவர் மேல் போனது. அவர் என்னைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்தேன். அவர் தன்னையும் காப்பாற்றிக்கொள்கிறார் என்பது வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது.

அவருக்குச் சர்க்கரை பல வருடங்களாக உண்டு. அது கண்ணுக்குப் போயிருந்தது. முதலில் ராத்திரியில் எதிரே வரும் வெளிச்சம் கூசுகிறது என்றார். பிறகு பேப்பர் படிப்பதை விட்டார். ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டிய காலம் வந்தபோது டாக்டரிடம் சான்று வாங்க வேண்டும் என்று தெரிந்ததும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒரே ஒரு தடவை மதுரையில் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினோம். மாதா மாதம் வரச்சொன்னார்கள். போகவில்லை. போடியிலோ தேனியிலோ கண்ணைக் காட்டினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயந்தார்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஏலக்காய் வியாபாரம் கண்ணை வைத்து நடப்பது. மாதிரிக்கு வந்த காயைத் தட்டில் கொட்டிய உடனே பருமன் என்ன, பச்சை நிறம் எவ்வளவு நின்றிருக்கிறது, வெடித்தது எத்தனை என்று பார்த்து விலை சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதில் இவருக்குக் கடைவீதியில் பெயர் இருந்தது. மேலே கேரளத் தோட்டக்காரர்கள் இவர் சொன்ன தரத்தைக் கேட்டுக்கொண்டு சரக்கை அனுப்புவார்கள். பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால் அத்தோடு முடிந்தது. கடையில் இவருடைய தம்பி கூட இருந்து, காதோடு காதாகச் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

கார் விஷயத்தை நாங்கள் இருவரும் சேர்ந்து சமாளித்தோம். நான் பெண்கள் பள்ளியில் சரித்திரம் நடத்துகிறவள். நாற்பத்தெட்டு வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, உரிமம் வாங்கி, ஓட்டப் பழகிக்கொண்டேன். ஆனால் இத்தனை வருடம் மலைப்பாதையில் ஜீப் ஓட்டித் திரிந்த மனிதரை, மனைவி உட்காரவைத்து ஓட்டிப்போவதைத் தெரு பார்த்தால் ஏன் என்று கேட்கும். அதனால் வீட்டு வாசலில் அவர் ஸ்டியரிங் பிடிப்பார். நான் பக்கத்தில் உட்காருவேன். உதட்டை அதிகம் அசைக்காமல், "ஸ்கூட்டர் நிக்கிது, கொஞ்சம் வலது... இப்ப நேர் பண்ணுங்க... பால்காரர் வாராரு, நில்லுங்க" என்று சொல்லிக்கொண்டே வருவேன். அரிசி ஆலையைத் தாண்டி ஆளில்லாத இடம் வந்ததும் நிறுத்தி, இறங்கி, இடம் மாறிக்கொள்வோம். திரும்பி வரும்போது அதே இடத்தில் மறுபடியும் மாறுவோம்.

இதை இப்போது எழுதும்போது முகம் எரிகிறது. அந்தத் தெருவில் பிள்ளைகள் விளையாடும். அப்போதெல்லாம் அதை ஏதோ சாமர்த்தியம் போல நினைத்திருந்தோம்.

விபத்துக்குப் பிறகு வண்டி தேனியில் ஒர்க்ஷாப்புக்குப் போனது. காப்பீட்டுக் கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டேன். ஓட்டியவர் யார் என்ற இடத்தில் என் பெயரை எழுதி, என் உரிமத்தின் நகலை இணைத்தேன். அதில் பெரிய நேர்மை எதுவும் இல்லை. செல்லுபடியாகும் உரிமம் என்னிடம்தான் இருந்தது. அந்த ஒரு தடவை உண்மை எங்களுக்கு வசதியாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான். சர்வேயர் வந்து வண்டியைப் பார்த்தார், போட்டோ எடுத்தார், எல்லாம் சரி என்றார். நான் மறந்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் விசாரணை அதிகாரி என்று ஒருவர் மதுரையிலிருந்து வீட்டுக்கு வந்தார். கம்பெனி அமர்த்தியவர். நடுத்தர வயது, பணிவான பேச்சு. காப்பி கொடுத்தேன். என் கணவர் கடைக்குப் போயிருந்தார்.

"மேடம், அன்னைக்கு வண்டிய ஓட்டினது யாரு?" என்றார்.

"நான்தான். எழுதியிருக்கேனே."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மேடம்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நான்தான் ஓட்டினேன்."

அவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கைபேசியை எடுத்து என் பக்கம் திருப்பினார். அன்று கூட்டத்தில் யாரோ எடுத்திருந்த வீடியோ. சரிந்த பந்தல், அதற்கடியில் எங்கள் வண்டி. என் கணவர் கையை உயர்த்தி, "ஓட்டுனது நான். அவுகள ஒண்ணும் பேசாதீக" என்கிறார். அவர் தோளுக்குப் பின்னால் நான். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, வாயைத் திறக்காத முகம்.

அவர் அதை மறுபடி ஓடவிட்டார். இரண்டாவது முறை பார்க்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. என் கணவர் அப்படிச் சொன்னதும் நான் லேசாகத் தலையாட்டியிருக்கிறேன். அது எனக்கு ஞாபகமே இல்லை.

"அவரு எனக்காகச் சொன்னாரு" என்றேன். "கூட்டத்துல என்னையத் திட்டுனாக. அதுக்காகச் சொன்னாரு."

"இருக்கலாம் மேடம். ஆனா உங்க தெருவுலயும் கேட்டேன். இஸ்திரி போடுறவரு, எதிர்வீட்டம்மா, பால் ஊத்துறவரு, எல்லாரும் ஒண்ணுதான் சொல்றாங்க. எப்பவும் சார்தான் ஓட்டுவாரு, டீச்சரு பக்கத்துலதான் உக்காந்திருப்பாங்கன்னு. உங்க ஸ்கூல்லயும் கேட்டேன். நீங்க கார் ஓட்டி ஹெட்மிஸ்ட்ரஸ் பார்த்ததே இல்லையாம்."

பள்ளிக்கூடம் நடை தூரம்தான். நான் காரில் போனதே இல்லை. அதைச் சொல்ல நினைத்தேன். ஆனால் அவர் பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டார் என்பதிலேயே மனம் நின்றுவிட்டது. தலைமையாசிரியையின் அறைக்கு வெளியே எப்போதும் நாலைந்து பிள்ளைகள் நின்றுகொண்டிருப்பார்கள்.

"சாருக்கு லைசென்ஸ் முடிஞ்சுபோச்சு இல்லையா மேடம்?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். "ஏன் ரினியூ பண்ணல?" என்றார். நான் காப்பி டம்ளரை எடுக்கக் குனிந்தேன். அவர் குறித்துக்கொண்டு, காப்பி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

சில வாரங்களில் பதில் வந்துவிட்டது. விபத்தின்போது வண்டியை ஓட்டியவர் குறித்து உண்மைக்குப் புறம்பான தகவல் தரப்பட்டிருப்பதால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது என்று எழுதியிருந்தார்கள். வகுப்பில் பொய் சொல்கிற பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்கிறவள் நான். அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் வெகுநேரம் நின்றேன்.

மறுநாள் பள்ளியில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்று, பிறகு வேறு பேச்சு தொடங்கியது. எதிர்வீட்டுப் பெண் மட்டும் மாடியிலிருந்து, "டீச்சர், யாரோ வந்து உங்க வீட்டப் பத்தி விசாரிச்சாக. பாத்ததச் சொல்லிப்புட்டேன். தப்பா ஒண்ணும் சொல்லலையே?" என்றாள். "இல்லம்மா, சரியாத்தான் சொன்ன" என்றேன். அவள் பார்த்ததைத்தான் சொல்லியிருந்தாள். பார்க்கச் செய்தவர்கள் நாங்கள்.

இவரிடம் சொன்னபோது, "போகட்டும் விடு. வண்டிய நம்ம செலவுல சரி பண்ணிக்கிருவோம்" என்றார்.

"செலவு கெடக்கட்டும். என்னையப் பொய்க்காரின்னு எழுதியிருக்காக."

"எழுதுனா என்ன? அது நமக்குள்ள இருக்கப்போகுது."

"நமக்குள்ளயா? என் பள்ளிக்கூடத்துல போயி விசாரிச்சிருக்காக. தெருவுல விசாரிச்சிருக்காக. நீங்க அன்னைக்கு அந்த வார்த்தைய சொல்லாம இருந்திருக்கலாம்."

"நீயி அப்பவே மறுத்திருக்கலாம்ல?" என்றார் அவர்.

இரண்டு பேரும் அன்று சாப்பிடாமல் படுத்தோம்.

அடுத்த விடுமுறையில் நான் தனியாகப் பஸ் ஏறி அந்தத் தோட்டத்துக்குப் போனேன். நிமிர்த்திய பந்தலில் கொடிகளை மறுபடி இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்துக்காரர் என்னை அடையாளம் கண்டு, "வா, ஆத்தா" என்று கூப்பிட்டு நிழலில் உட்காரச் சொன்னார். ஒரு தட்டில் பன்னீர் திராட்சை வந்தது. நான் தொடவில்லை.

"ஐயா, அன்னைக்கு வண்டியிலருந்து யாரு எந்தப் பக்கம் எறங்குனாகன்னு நீங்க பாத்தீகளா?"

"நான் அங்கன கெணத்துப் பக்கம் நின்னேன். சத்தங்கேட்டு ஓடியாந்தேன். நான் வாரப்ப ரெண்டு பேரும் கீழ நின்னீக. அண்ணன்தேன் ஓட்டுனதா அவுக வாயாலயே சொன்னாக. வந்து கேட்டவருகிட்டயும் அதத்தேன் சொன்னேன்."

"ஓட்டுனது நான்தான்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "இருக்கலாம்த்தா. நான் எப்படிச் சொல்ல முடியும்? நான் பாக்கலையே. இப்ப மாத்திச் சொன்னா, நான்ல பொய்யனாயிருவேன்" என்றார்.

அவர் சொன்னது நியாயம். ஒரு நல்ல மனிதரை எனக்காகச் சாட்சி மாற்றிச் சொல்லக் கேட்கத்தான் நான் பஸ் ஏறி வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தேன். அவர் வற்புறுத்தி ஒரு பையில் திராட்சையைப் போட்டுக் கொடுத்தார். அதை வாங்கிக்கொள்ளவும் கூச்சமாக இருந்தது, மறுக்கவும் முடியவில்லை. உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம், அவள் மடியில் குழந்தை இருந்தது, அந்தப் பையைக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் நடந்ததைச் சொன்னேன். தோட்டத்துக்காரர் சொன்ன கடைசி வார்த்தைகளைச் சொன்னபோது இவர் முகம் மாறியது.

"நீயி எதுக்கு அவருகிட்டப் போயி நின்ன?" என்றார்.

"வேற யாருகிட்ட நிக்கிறது? சொல்ல வேண்டியவரு நீங்க. நீங்கதான் சொல்லமாட்டேங்கிறீகளே."

அவர் எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். பிறகு, "மேல எழுதிப் போடு. மதுரைக்கு நான் வாரேன்" என்றார்.

கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினேன். நேரில் வரச்சொன்னார்கள். பஸ்ஸில் போனோம். ஆண்டிபட்டி கணவாயில் பஸ் வளைந்து இறங்கும்போது அவர் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். போகிற வழியில் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

மதுரை அலுவலகத்தில் எங்களிடம் பேசிய அதிகாரி ஒரு பெண். எங்கள் மகள் வயதுதான் இருக்கும். மேசைமேல் எங்கள் கோப்பு திறந்திருந்தது. உட்காரச் சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"சார், வீடியோல நீங்களே சொல்றீங்க. இதுக்கு மேல நாங்க என்ன பார்க்கிறது?"

"அது பொய்ம்மா" என்றார் இவர்.

"அன்னைக்குச் சொன்னது பொய்யின்னா, இன்னைக்குச் சொல்றது உண்மைன்னு எப்படி எடுத்துக்கிறது?"

கேள்வியில் குத்தல் இல்லை. உண்மையாகவே கேட்டார். இவர் அதிகாரி பக்கமாகக் கையை நீட்டினார்.

"உங்களுக்குப் பின்னால செவத்துல வெள்ளையா, சதுரமா ஒண்ணு மாட்டியிருக்கு. அது காலண்டரா, போட்டோவான்னு எனக்குத் தெரியலம்மா."

அதிகாரி திரும்பிப் பார்த்தார். "சார், அது ஜன்னல்" என்றார்.

பக்கத்து மேசையில் எதையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். ஜன்னல்கூடத் தெரியாது என்பது எனக்கும் புதிது. இவ்வளவு தூரம் போயிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பக்கத்தில் படுத்து எழுந்திருக்கிற எனக்கே தெரியவில்லை. அல்லது தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை.

"கண்ணு சர்க்கரையால போச்சும்மா" என்றார் இவர். "ஆறு மணிக்கு மேல சுத்தமா ஒண்ணும் தெரியாது. அந்த ரோட்டுல, அந்த நேரத்துல, நான் ஓட்டியிருந்தா தூணுல முட்டி நின்னுருக்காது. டீச்சரு ஓட்டுனதாலதான் ரெண்டு பேரும் இங்கன உக்காந்திருக்கோம்."

அதிகாரியின் முகம் இளகியது. ஆனால் அவர் வேலையை விடவில்லை. கோப்பைப் புரட்டினார். "அப்ப உங்க தெருவுல இருக்கவங்க? நீங்கதான் தினமும் வண்டி எடுக்கிறதா நாலு பேரு சொல்லியிருக்காங்களே. அவங்க எதுக்கு சார் பொய் சொல்லணும்?"

"அவுக பொய் சொல்லல" என்று இவர் தொடங்கினார். மேலே போகவில்லை. நான் சொன்னேன். வாசலில் அவர் எடுப்பதையும், பக்கத்தில் உட்கார்ந்து நான் வழி சொல்வதையும், அரிசி ஆலைக்கு அப்பால் இடம் மாறுவதையும், எல்லாவற்றையும். சொல்லச் சொல்லக் குரல் சின்னதாகிக்கொண்டே போனது.

"ஏன் மேடம்?"

"தெரு பாக்கும்னு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஜன்னல் தெரியாத மனுஷர தெருவுல வண்டி எடுக்க விட்டிருக்கீங்க. உங்க தெருவுல சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா?"

"இருக்காங்க."

"நீங்க டீச்சர்தானே?"

இவர் சட்டென்று, "தப்பு எம்மேலதாம்மா. அவுக வேண்டாம்னுதான் சொன்னாக" என்றார். அதுவும் பொய். நான் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஆனால் இந்தத் தடவை பின்னால் நிற்கவில்லை. "இல்ல மேடம். நான் வேண்டாம்னு சொல்லல. நானும் சேர்ந்துதான் செஞ்சேன்" என்றேன். இவர் என் பக்கம் திரும்பினார். என் முகம் அவருக்கு எந்த அளவு தெரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அதிகாரி தண்ணீர் பாட்டிலை எங்கள் பக்கம் நகர்த்தினார். பிறகு அலுவலகக் குரலில், விண்ணப்பத்தில் நான் உண்மையைத்தான் எழுதியிருக்கிறேன் என்பதால் மறுபரிசீலனை செய்ய இடம் இருக்கிறது என்றார். விபத்து நடந்த காலத்தில் பார்வை எப்படி இருந்தது என்று கண் மருத்துவரிடம் சான்று வாங்கித் தரவேண்டும். தெருவில் வண்டி எடுத்த கதையை இந்தக் கோரிக்கையோடு தான் கலக்கப்போவதில்லை என்றும், இன்றோடு அதை நிறுத்திவிட வேண்டும் என்றும் சொன்னார். நாங்கள் இருவரும் பள்ளிப்பிள்ளைகளைப் போலத் தலையாட்டினோம்.

வெளியே வந்ததும் இவர் படியில் நின்று, "கண் ஆஸ்பத்திரிக்கு இப்பவே போயிருவோம்" என்றார். அவராக அங்கே போகலாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

மருத்துவர் கண்ணில் சொட்டு விட்டு, கருவியில் நெற்றியை வைக்கச் சொல்லி, நெடுநேரம் பார்த்தார். பழைய சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "அப்பவே மாசாமாசம் வரச்சொல்லியிருக்கே, ஏன் வரல?" என்று கேட்டார். இவர் வேலை இருந்தது என்றார். மருத்துவர் என்னைப் பார்த்தார். "அப்பவே ஊசி போட்டு லேசர் பண்ணியிருந்தா நல்லாவே காப்பாத்தியிருக்கலாம்மா. இடது கண்ணுல இனி பெருசா ஒண்ணும் செய்ய முடியாது. வலதுல இருக்கிறதத் தக்கவைக்கப் பார்ப்போம்" என்றார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வண்டிக்கான இழப்பீட்டுக்கு இவ்வளவு அலைந்திருந்தேன். எழுதினேன், பஸ் ஏறினேன், தோட்டத்துக்காரரிடம் போய் நின்றேன். அதில் ஒரு பங்கு அலைச்சலை அந்தக் கண்ணுக்காக அலைந்திருந்தால் என்ற நினைப்பு, அந்த அறையிலிருந்து வெளியே வருவதற்குள் வந்துவிட்டது. இன்னும் போகவில்லை.

கடைவீதிக்குச் செய்தி எப்படிப் போனதென்று தெரியாது. விசாரணைக்கு வந்தவர் அங்கேயும் கேட்டிருக்கலாம். ஒரு வாரத்துக்குள் சரக்கு கொண்டுவருகிறவர்கள், "அண்ணாச்சி, சாம்பிள தம்பியும் ஒரு பார்வை பாக்கட்டுமே" என்று தயங்கித் தயங்கிச் சொல்லத் தொடங்கினார்கள். இவர், "பாக்கட்டும்ப்பா, அவந்தான் இனிமே பாப்பான்" என்றார். சில தோட்டக்காரர்கள் சரக்கை வேறு கடைக்கு மாற்றிக்கொண்டார்கள். மேலே கேரளத்து வண்டன்மேட்டிலிருந்து ஒருவர் மட்டும் போன் செய்து, "சேட்டா, கண்ணு எங்ஙனெ உண்டு?" என்று மலையாளத்தில் கண் எப்படி இருக்கிறதென விசாரித்துவிட்டு, விலை பேசுவதற்கு உங்கள் வாய் போதும் என்றார். இவர் இப்போது அதைத்தான் செய்கிறார். தட்டைப் பார்ப்பது தம்பி, போனில் பேசுவது இவர். வியாபாரம் முன்பு போல இல்லை. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

ஊசி போட மதுரைக்குப் போன இரண்டாவது தடவை, காத்திருக்கும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். என் கைபேசியில் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. மறுபரிசீலனையில் எங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டுவிட்டது. இன்ன இன்ன பிடித்தம் போக மீதி ஒர்க்ஷாப்புக்கு அனுப்பப்படும். நான் அதை மெல்ல வாசித்துக் காட்டினேன்.

"ஓட்டுனது யாருன்னு போட்டிருக்காகளா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் போடல. ஏத்துக்கிட்டாகன்னு மட்டும் இருக்கு."

"சரி" என்றார்.

எனக்குச் சந்தோஷம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். நான் பொய் சொல்லவில்லை என்று இப்போது ஒரு கம்பெனி ஒத்துக்கொண்டிருக்கிறது. அதைப் பள்ளிக்கூடத்தில் போய் யாரிடம் காட்டுவது? எதிர்வீட்டுப் பெண்ணிடம் என்னவென்று சொல்வது? சொல்லப்போனால் அவர்கள் கேட்கவேண்டிய கேள்வியே வேறு. பிள்ளைகள் விளையாடுகிற தெருவில் அவரை ஏன் வண்டி எடுக்கவிட்டாய் என்பதுதான் அது.

நர்ஸ் ஒரு அட்டையோடு வந்து இவர் பெயரைக் கூப்பிட்டாள். "எவ்வளவு காலமா பார்வை மங்கலா இருக்கு ஐயா?" என்று கேட்டாள். சுற்றிலும் ஆட்கள். தேனிப் பக்கத்துப் பேச்சு பேசுகிற ஒரு குடும்பம் எங்களுக்கு அடுத்த பெஞ்சிலேயே இருந்தது. இவர் வழக்கமாகச் சொல்கிற, "இப்பக் கொஞ்ச நாளாத்தான்" என்ற பதில் வரும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"ரெண்டு வருசத்துக்கு மேலேயே இருக்கும்மா. சொல்லாம இருந்துட்டோம்" என்றார்.

அடுத்த பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் அதை எழுதிக்கொண்டாள். அவரை எழுப்பிக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனேன்.